பதினேழு கையெழுத்தும் ஒரு சூடைக் கருவாடும்

ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் தமிழ்ச் சனங்களுக்கு,

கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த முறைப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் மாடியில் காலை வேளைகளில் எழும் "சகிக்க முடியாத நாற்றம்" பற்றி நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். மொத்தம் பதினேழு கையெழுத்து. ஒருநாள் நின்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று நம்மவருடையது. அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், வாசித்துவிட்டு உங்கள் பாட்டில் முடிவெடுங்கள்.

நான் கையெழுத்து வைத்த கதை வெட்கக்கேடு. வியாழக்கிழமை வேலை முடிந்து, கடைக்கும் போய், இரண்டு கையிலும் பையோடு வந்தேன். ஆரோ பேனையை நீட்டினார்கள். பையைக் கீழே வைத்தேன், தலைப்பை மட்டும் பார்த்தேன், போட்டேன். கீழே வைத்த பைக்குள் அரைக் கிலோ நெத்தலிக் கருவாடு இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான மயிலிட்டியில் பிறந்து வளர்ந்தவர். மீன் விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. "நாத்தமோ? அது சூடைக் கருவாடடா. நல்லாய்க் காய்ஞ்சது. பக்கத்தில உள்ளியும் பொரியுது. நான் ஒவ்வொரு நாளும் விடிய யன்னலை விரலளவு திறந்து வைச்சு மணந்துகொண்டு நிக்கிறன். அவை எங்க வாங்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வா" என்றார்.

எங்கள் வீடு பத்தாம் மாடி, நேர் மேலே. கீழே இருப்பது ஒரு பிலிப்பினோப் பெண். கீழே போய்க் கதவைத் தட்டிக் கேட்க எனக்கு முகமில்லை. அதனால் சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிலிப்பினோச் சுப்பர்மார்க்கெட்டுக்கே போனேன்.

அந்தக் கடை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மீன் வாங்குகிற கடைதான். வாசலால் புகுந்து நேரே பின்சுவரோடு இருக்கும் மீன் பகுதிக்குப் போவோம். இலக்கத் துண்டு எடுப்போம். விளைமீனோ பாரையோ காட்டி வெட்டச் சொல்வோம், ஒரு கிலோ கணவாயும் வாங்குவோம், வந்த வழியே வெளியேறுவோம். இருபது வருசமாக நான் செய்தது இவ்வளவுதான். நடுவில் உள்ள பத்துப் பன்னிரண்டு வரிசையும் எனக்கு ரயில் யன்னலால் பார்த்த ஊர் மாதிரி. பெயர்ப்பலகை தெரியும், இறங்கியது கிடையாது.

அம்மாவுக்கு அந்த அவசரம் இல்லை. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மரக்கறிப் பகுதியிலேயே நின்றுவிட்டார். கட்டுக் கட்டாக முருங்கையிலை. பாவற்காய், பயித்தங்காய், நீளக் கத்தரிக்காய், வெண்டிக்காய், கங்குன் கீரை, பச்சைப் பப்பாக்காய், வாழைப்பொத்தி. "இது சுன்னாகம் சந்தையெல்லே" என்று சத்தமாகவே சொன்னார். வாழைப்பொத்திக்கு அவர்கள் பெயர் 'பூசோ நாங் சாகிங்'. வாழையின் இதயம் என்று பொருள். முருங்கை பிலிப்பைன்ஸில் மலுங்கை. வடக்கே இலோக்கோஸ் பகுதிக்குப் போனால் மருங்கை. வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். முருங்கைக்காயை இலோக்கோஸ்காரர் சமைப்பார்கள் என்றாலும், பொதுவாக அவர்களுக்கு முருங்கை என்றால் இலைதான். கோழியையும் பச்சைப் பப்பாக்காயையும் இஞ்சி போட்டு அவித்து, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலையைத் தூவினால் அது 'தினோலா'. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அங்கேயும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

தினோலாவைச் சும்மா கோழிச்சாறு என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' நாவலின் தொடக்கத்தில் ஒரு விருந்து வருகிறது. தினோலா பரிமாறும்போது கொழுத்த பாதிரியாருக்குக் கழுத்தும் செட்டையும் விழுகின்றன. நல்ல துண்டெல்லாம் மற்றவர்களுக்கு, முக்கியமாக ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய இளைஞனுக்கு. பாதிரியார் உள்ளே கிடந்த காயை நசுக்கிவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைக்கிறார். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக ஒரு நாட்டையே உசுப்பிய நாவலில் ஒரு சண்டை கோழிக் கழுத்தில் தொடங்குகிறது. நம்முடைய கலியாண வீட்டுப் பந்திகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சரி, கருவாட்டுக்கு வருகிறேன். முறைப்பாடு அதைப் பற்றியதுதானே.

ஒரு சுவர் முழுக்கக் கருவாடு. அம்மா ஒவ்வொரு பைக்கற்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்பதாம் மாடிக் குற்றவாளி மூன்றாவது தட்டில் இருந்தது. அதற்குத் 'துயோ' என்று பெயர். தகாலோக் மொழியில் துயோ என்றால் காய்ந்தது, அவ்வளவுதான். சூடை வகை மீனைக் குடல்கூட எடுக்காமல் உப்பில் போட்டு வெயிலில் காயவைத்தது. அதற்குப் பக்கத்தில் 'திலிஸ்', அது நம்முடைய நெத்தலி. அதற்கும் பக்கத்தில் 'தங்கித்'. முதுகால் பிளந்து விரித்துக் காயவைத்த சின்ன மீன், செபூத் தீவின் பெருமை. வெளியூர் போகிறவர்கள் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவதும் இதைத்தான். அம்மா அதன் வாயையும் முள்ளையும் உற்றுப் பார்த்தார். "இது ஒராவடா." ஒராவேதான். கடற்பாசி தின்கிற அதே முள்ளு மீன். எங்களிடம் அது குழம்புக்கும் கூழுக்கும் போகிறது. அவர்கள் கருவாடாக்கிப் பொரித்து, வினாகிரியில் தோய்த்துத் தின்கிறார்கள்.

துயோ அங்கே காலைச் சாப்பாடு. முதல்நாள் மிஞ்சிய சோற்றை உள்ளி போட்டு வறுப்பார்கள், ஒரு முட்டை பொரிப்பார்கள், பக்கத்தில் இரண்டு துயோ. பழஞ்சோறும் பொரித்த கருவாடும் என்று சொன்னால் உங்களில் ஆருக்காவது நாக்கு ஊறாமல் இருக்குமா? கையெழுத்து வைத்த பதினொரு பேரையும் கேட்கிறேன்.

பாகோங்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அடுத்த முறைப்பாடு அதன்மீதுதான் வரப்போகிறது. மீனையோ கூனி இறாலையோ உப்போடு சேர்த்துச் சாடிக்குள் மாதக்கணக்கில் புளிக்க விட்டது பாகோங். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்தால் 'பாத்திஸ்' என்ற மீன் சாறு. போத்தலைத் திறந்த முதல் நிமிசம் கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைத் தனியே தின்னச் சொல்லி ஆரும் கேட்கவில்லை. பாவற்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணி, பயித்தங்காய் எல்லாவற்றையும் ஒரு கரண்டி பாகோங்கோடு அடக்கி அவித்தால் இலோக்கோஸ்காரரின் 'பினாக்பெத்'. மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் போடுகிறோமே, அந்த வேலையைத்தான் இங்கே பாகோங் செய்கிறது. நம் வீட்டு அலுமாரியில் மாசி இருக்கிற போத்தலை மூன்று பைக்குள் சுற்றி வைத்திருப்பது ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. பச்சை மாங்காயைக் கீறிப் பாகோங்கில் தொட்டும் தின்கிறார்கள். அம்மா அதற்கு மட்டும் மிளகாய்த்தூள் போதாது என்றார்.

அந்தக் குறை எனக்கும் உண்டு. உறைப்பு என்று வந்தால் அவர்கள் பெரும்பாலும் கையை இழுத்துக்கொள்வார்கள். பிக்கோல் பகுதி விதிவிலக்கு. அங்கே மிளகாயும் தேங்காய்ப்பாலும்தான் சமையலே. காய்ந்த சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாய் போட்டு வற்றவிடும் 'லாயிங்' அந்த ஊர்ச் சாப்பாடு. முதற்பாலுக்குக் 'காகாங் காதா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். முதற்பால், இரண்டாம்பால் என்று பிரித்துப் பேசுகிற சனத்துக்குச் சொதியை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பயறு அவிக்கிற வழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளியில் இறைச்சி இல்லை, அதனால் பயறும் முருங்கையிலையும். மரக்கறி என்று நம்பிக் கையை வைத்துவிடாதீர்கள், உள்ளே காய்ந்த இறால் கிடக்கும். இறைச்சி இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

இனி உங்களை உண்மையாகவே அந்தக் கடைக்கு இழுக்கக்கூடிய விஷயம்.

குளிர்ப்பெட்டி வரிசையில் ஊதா நிறத்தில் அடுக்கியிருந்தார்கள். மரவள்ளித் துருவலுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் நடுவில், 454 கிராம் பைக்கற். 'ஊபே' என்று எழுதியிருந்தது. ரொறொன்ரோவில் கோப்பிக் கடைப் பிள்ளைகள் ஊபே லாத்தே, ஊபே டோனட் என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ சாயம் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன். அம்மா பைக்கற்றைத் திருப்பினார், அழுத்தினார், என் கையில் தந்தார். "டேய், இது இராசவள்ளிக் கிழங்கு."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம், தியோஸ்கோரியா அலாட்டா. யாழ்ப்பாணத்தில் இராசவள்ளியை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சுகிறோம். அவர்கள் அதையே அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலோ ரின்பாலோ, சீனி, பட்டர் சேர்த்து அடிப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். பெயர் 'ஊபே ஹலாயா'. நம்முடையது கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற பதம், அவர்களுடையது கத்தியால் வெட்டுகிற பதம். நம் கடைகளில் இராசவள்ளி வருவதே எப்போதாவது. வந்தாலும் தங்கம் நிறுப்பது போல நிறுப்பார்கள், வெட்டினால் பாதி வெள்ளை. இங்கே தோல் சீவி, துருவி, வருசம் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். இருபது வருசமாக நான் கணவாய்ப் பையோடு அந்தக் குளிர்ப்பெட்டியைத் தாண்டித்தான் காசாளரிடம் போயிருக்கிறேன்.

அன்று பின்னேரமே அம்மா காய்ச்சினார். துருவலை அவித்து, கட்டிப்பால் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு. குடித்துவிட்டுச் சொன்னது: "நிறம் எங்கட கிழங்கிலும் திறம். மணம் கொஞ்சம் குறைவு." போத்தலில் வரும் ஊபே எசென்சை மட்டும் வாங்காதீர்கள். அது கேக்கில் நிறம் காட்டுவதற்கு. கிழங்குக்கும் அதற்கும் பெரிய உறவில்லை.

வினாகிரிக்கு ஒரு முழு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். கரும்பில் எடுத்தது, நீப்பா என்ற சேற்றுநிலப் பனையில் எடுத்தது, தென்னங்கள்ளில் எடுத்தது. கள்ளுக்கு அவர்கள் சொல் 'தூபா'. காலையில் இறக்கினால் இனிப்பு, பின்னேரம் வெறி, நாள் போனால் வினாகிரி. எங்கள் ஊர்த் தவறணைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும், போகாதவர்களுக்கும் தெரியும். பச்சைப் பப்பாக்காயைத் துருவி வினாகிரியில் ஊறவைத்த போத்தலின் மேல் 'அச்சாரா' என்று எழுதியிருந்தது. நாங்கள் அச்சாறு என்கிறோம்.

வாழைப்பழக் கெச்சப்பை நான் சிரித்துக்கொண்டுதான் எடுத்தேன். அதற்குப் பின்னால் இருக்கிறவரைத் தெரிந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது. மரியா ஒரோசா என்ற உணவு விஞ்ஞானி. சியாட்டிலில் படித்துவிட்டு நாடு திரும்பி, இறக்குமதிச் சாமான் இல்லாமல் உள்ளூர் விளைச்சலில் என்ன செய்யலாம் என்று வாழ்நாள் முழுக்கப் பரிசோதித்தவர். தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தில் கெச்சப் செய்து காட்டியவர் அவர்தான் என்கிறார்கள். யப்பானியர் ஆட்சியில் மணிலாவின் தடுப்பு முகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோயாத் தூள் செய்து இரகசியமாக அனுப்பியிருக்கிறார். 1945 பெப்ரவரியில், நகரத்தை மீட்கும் சண்டையில், குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். கெச்சப் இனிக்கும், பொரித்த கோழிக்கு நல்லது. ஆனால் அதை ஸ்பகெட்டியில் ஊற்றி, சொசேச்சும் வெட்டிப்போட்டுப் பிறந்தநாளுக்குப் பரிமாறுகிறார்களே, அதில் நான் அவர்கள் பக்கம் இல்லை. வாத்து முட்டைக்குள் குஞ்சோடு அவிக்கிற பாலுத்திலும் இல்லை. சாயம் தோய்த்த கடும் ரோஸ் நிற முட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உப்பில் ஊறவைத்த வாத்து முட்டை. பச்சை முட்டையோடு மாறிவிடாமல் இருக்கத்தான் நிறம்.

மாட்டுவாலை நிலக்கடலைக் குழம்பில் வேகவைத்த 'காரே காரே' சுடுசாப்பாட்டுப் பகுதியில் இருந்தது. நம்மில் பலர் தொடமாட்டோம், விடுங்கள். பெயர் கறியிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு. கதை மட்டும் கேட்கத்தக்கது. 1762-இல் ஆங்கிலேயரின் படை சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் படை திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயின்தா என்ற ஊரில் கலியாணம் கட்டித் தங்கிவிட்டார்கள். மாட்டுவால் அவர்கள் கையால் வந்ததோ இல்லையோ, ஊர் இருக்கிறது.

வெதுப்பகப் பகுதியில் 'பூத்தோ' இருந்தது. அரிசிமாவை ஆவியில் அவித்த குட்டிப் பலகாரம். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் அவர்கள் தின்பது 'பூத்தோ பும்போங்'. மூங்கில் குழலில் அவித்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவியது. குழல் பிட்டைச் சின்னதாகச் செய்து ஊதா நிறம் பூசினால் அதுதான். அதே நாட்களில்தான் எங்கள் ஊரில் மார்கழிக் குளிருக்குள் சங்கும் சேமக்கலமும் கேட்கும்.

சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பக்கத்தில் நின்ற ஆரையாவது கேட்டேன். அங்கே முன்பின் தெரியாத பெண்ணைக்கூட 'ஆத்தே' என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்குக் 'கூயா'. மீன் வெட்டும் தம்பியையும் நான் கூயா என்று கூப்பிட்டதில் அவனுக்குச் சிரிப்பு. அம்மா ஆத்தேயைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "ஆத்தே, செவுளைத் தூக்கிக் காட்டு" என்று மீன் பகுதியில் நின்ற அக்காவிடம் பாதித் தமிழில் கட்டளை. அவரும் தூக்கிக் காட்டினார்.

இதற்குப் பிறகும் கீழ் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு பின்னேரம் அம்மா காய்ச்சிய இராசவள்ளியில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்தவர் முதலில் பயந்தார். நிர்வாகத்தின் கடிதம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. போத்தலைப் பார்த்ததும் "ஊபே?" என்றார். அம்மா "இராசவள்ளி" என்றார். இரண்டு பேரும் இரண்டு மூன்று தரம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார்.

அவர் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்கு நமக்குத் தேநீர் நேரம், அவருக்கு இராச்சாப்பாடு. கனடா 1992-இல் தொடங்கிய வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டத்தில் வந்தவர். அதில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். வேலை கொடுத்தவரின் வீட்டிலேயே தங்கி இருபத்து நான்கு மாதம் வேலை செய்து முடித்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. வீட்டோடு தங்க வேண்டும் என்ற கட்டாயம் 2014-இல்தான் நீங்கியது. அந்த இரண்டு வருசமும் துயோ பொரிக்கவேயில்லை என்றார். பொரிக்க அடுப்பு இருந்தது, அடுப்பு அவருடையது இல்லை. சொந்தமாக வீடு எடுத்த முதல்நாள் காலையில் பொரித்தாராம்.

கடிதம் வந்த பிறகு வாசற்கதவின் அடியில் ஈரத் துவாயை வைத்து அடைத்து, பெப்ரவரிக் குளிரில் யன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பொரிக்கிறார். அதனால்தான் மணம் எங்கள் யன்னலுக்கு இன்னும் நேராக வருகிறது. அம்மாவுக்கு இதில் முறைப்பாடு இல்லை.

அந்த ஈரத் துவாயை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1991-இல் நாங்கள் ஆறு பேர் ஒரு பேஸ்மென்றில் இருந்தோம். மேல்வீட்டுக்காரி கறி மணக்குது என்று காலால் தரையில் இடிப்பாள். மீன் குழம்பு வைக்கிற நாளில் படிக்கட்டுக் கதவின் அடியில் துவாயை நனைத்து அடைப்பது என் வேலை. உங்களில் இரண்டு பேர் அந்த பேஸ்மென்றில் என்னோடு இருந்தவர்கள். ஆர் என்று இங்கே எழுதவில்லை. கையெழுத்தில் ஏழாவதும் பன்னிரண்டாவதும்.

என் பெயரை வெட்டச் சொல்லித் திங்கட்கிழமை நிர்வாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வரி போதும், மாடி இலக்கமும் திகதியும் போட வேண்டும். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

வருகிற சனி காலை பத்து மணிக்கு நானும் அம்மாவும் கீழ் வாசலில் நிற்போம். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, மற்றவர்கள் பஸ்ஸில் வரலாம். மீனை வெட்டி அங்கேயே பொரித்தும் தருவார்கள், கேட்டால் போதும். குளிர்ப்பெட்டிச் சாமானுக்குத் தடித்த பை கொண்டு வாருங்கள். இராசவள்ளியில் ஆளுக்கு இரண்டு பைக்கற்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். போனமுறை தட்டில் எட்டுத்தான் இருந்தது, அதில் நான்கை அம்மா இப்போதே தனக்கென்று சொல்லி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
பத்தாம் மாடியிலிருந்து, பதினான்காவது கையெழுத்துக்காரன்